சவ்வுப் புரதம் மடிவதை எங்கே வைத்துப் பார்ப்பது? ஒரு ஒப்பீடு

சவ்வுப் புரதங்களில் ஆராய்ச்சி தொடங்குகிறவர்கள் எல்லோர் முன்னாலும் ஆரம்பத்திலேயே வந்து நிற்கும் கேள்வி இது. கையில் ஒரு புரதம் இருக்கிறது. அது செல் சவ்வுக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்தபின் எப்படி மடிகிறது, மற்ற புரதங்களோடு எப்படிச் சேர்கிறது என்று தெரிய வேண்டும். அதை எங்கே வைத்துப் பார்ப்பது? பிரித்தெடுத்து, யூரியாவில் அவிழ்த்து, சோதனைக் குழாயில் லிப்பிடோடு (சவ்வை ஆக்கும் கொழுப்பு மூலக்கூறு) சேர்த்து மடிய விடுவதா? புரதத்தை உருவாக்கும் ரைபோசோமையும், செல்லுக்குள் இருக்கும் சவ்விலிருந்து எடுத்த கொப்புளமான மைக்ரோசோமையும் ஒன்றாகப் போட்டு, புரதம் உருவாகும்போதே பார்ப்பதா? உயிருள்ள செல்லிலேயே பார்ப்பதா? இல்லை, ஒரே ஒரு மூலக்கூறைப் பிடித்து இழுத்துப் பார்ப்பதா?

பெரும்பாலும் ஆய்வகத்தில் எந்தக் கருவி ஏற்கெனவே இருக்கிறதோ, யாருக்கு எது பழக்கமோ, அதுவே முடிவாகிவிடுகிறது. அதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு ஏற்பாடும் எதையோ விட்டுவிடுகிறது. எது விடுபடுகிறது என்று தெரிந்து தேர்வது வேறு, தெரியாமல் தேர்வது வேறு. என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புரதம் எந்த வடிவில் நிலையாக இருக்கும், எவ்வளவு உறுதியாக இருக்கும் என்ற ஆற்றல் கேள்விக்குச் சோதனைக் குழாய் போதும். எந்த வழியாக அந்த வடிவத்துக்கு வந்து சேர்கிறது என்ற கேள்விக்கு ரைபோசோமும் செல்லின் நுழைவு இயந்திரமும் இருந்தாக வேண்டும். முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதன் விடையாக எழுதும்போதுதான் குழப்பம் வருகிறது.

நீரில் கரையும் புரதங்களில் இந்தச் சிக்கல் குறைவு. ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை அவிழ்த்துவிட்டு மறுபடி மடிய விட்டால் அது தானாகவே சரியான வடிவத்துக்கு வருகிறது என்று அன்ஃபின்சென் காட்டினார். 1972-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அமினோ அமில வரிசையிலேயே வடிவம் எழுதப்பட்டிருக்கிறது என்பது அதிலிருந்து வந்த பாடம். சவ்வுப் புரதங்களுக்கும் அது பொருந்துமா என்பது தனிக் கேள்வி. எந்த உயிரியின் மரபணுத் தொகுதியை எடுத்தாலும் அதில் 20 முதல் 30 சதவீதம் சவ்வுப் புரதங்களுக்கானது. அவை வாழும் இடமோ தண்ணீர் இல்லாதது. நடுவில் சுமார் 3 நானோமீட்டர் தடிமனுக்கு வெறும் எண்ணெய்ப் பகுதி, இரண்டு பக்கமும் மின்னேற்றம் கொண்ட லிப்பிட் தலைகள். அந்த எண்ணெய்ப் பகுதியைக் கடக்க ஆல்பா ஹெலிக்ஸ் என்ற சுருளுக்குச் சுமார் 20 அமினோ அமிலங்கள் வேண்டும். பாக்டீரியாவின் வெளிச்சவ்விலும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்விலும் இருக்கும் சில புரதங்கள் ஹெலிக்ஸுக்குப் பதில் பீட்டா இழைகளை வளைத்துப் பீப்பாய் வடிவம் எடுக்கின்றன. உங்கள் புரதம் ஹெலிக்ஸ் வகையா, பீப்பாய் வகையா என்பதிலேயே தேர்வின் பாதி முடிந்துவிடும்.

சோதனைக் குழாய்

இந்த வழியைத் திறந்துவைத்தது பாக்டீரியோரோடாப்சின். உப்பு மிகுந்த நீரில் வாழும் ஹாலோபாக்டீரியம் சலினாரம் என்ற நுண்ணுயிரியின் ஊதாநிறப் புரதம் அது. ஏழு ஹெலிக்ஸ்கள் சவ்வைக் கடக்கின்றன, நடுவில் ரெட்டினால் என்ற நிறமூலக்கூறு பிணைந்திருக்கிறது. மரபணுக் குறியீட்டு ஆய்வுக்காக 1968-இல் நோபல் பெற்ற ஹர் கோவிந்த் கொரானா பிறகு இந்தப் புரதத்தின் பக்கம் திரும்பினார். முழுவதும் அவிழ்த்துவிட்ட பாக்டீரியோரோடாப்சின், லிப்பிடும் ரெட்டினாலும் சேர்ந்தால் மறுபடி மடிகிறது என்று அவருடைய குழு 1981-இல் காட்டியது. மடிந்ததா இல்லையா என்று பார்க்கக் கண்ணே போதும்: ரெட்டினால் சரியான இடத்தில் உட்கார்ந்தால் கரைசல் ஊதா ஆகும். சவ்வுப் புரதத்துக்கும் வரிசையிலேயே வடிவம் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அப்போது இல்லை.

அந்தச் சோதனையில் இன்னொரு பகுதியும் உண்டு. புரதத்தை இரண்டு துண்டாக வெட்டி, துண்டுகளைத் தனித்தனியே எடுத்து, பிறகு சேர்த்தாலும் மறுபடி ஊதாநிறம் வந்தது. ஒவ்வொரு ஹெலிக்ஸும் முதலில் தனியாகச் சவ்வில் நிலைகொள்கிறது, பிறகு ஹெலிக்ஸ்கள் பக்கவாட்டில் சேர்ந்து மடிகின்றன என்று 1990-இல் போப்போவும் எங்கெல்மனும் முன்வைத்த இரண்டு கட்ட மாதிரிக்கு இது போன்ற சோதனைகள்தான் அடித்தளம். இன்றும் பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பீப்பாய் வகைக்கு ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் ஓம்ப்-ஏ புரதம். எட்டு இழைப் பீப்பாய். இதை 8 மோலார் யூரியாவில் அவிழ்த்து வைத்துக்கொண்டு, லிப்பிட் கொப்புளங்கள் உள்ள கரைசலில் ஊற்றி யூரியாவை நீர்க்கச் செய்தால் போதும். தானாகவே கொப்புளத்துக்குள் நுழைந்து மடிகிறது. சர்ரேயும் யேனிக்கும் 1992-இல் இதைக் காட்டினார்கள்.

மடிந்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் சாதாரண ஜெல் வசதி மட்டும் உள்ள ஆய்வகத்திலும் இதைச் செய்ய முடியும். மடிப்பு நடக்கும் குழாயிலிருந்து நேரம் குறித்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எஸ்டிஎஸ் என்ற டிடர்ஜென்டின் கரைசலில் கலக்க வேண்டும். வழக்கமாக ஜெல் ஓட்டுவதற்கு முன் சாம்பிளைக் கொதிக்க வைப்போம். இங்கே கொதிக்க வைக்கவே கூடாது. மடிந்த பீப்பாய் அவ்வளவு கெட்டி, எஸ்டிஎஸ் மட்டும் அதை அவிழ்த்துவிடாது. மடிந்த ஓம்ப்-ஏ இறுக்கமாக இருப்பதால் வேகமாக ஓடி 30 கிலோடால்டன் பக்கம் நிற்கும். மடியாதது 35-இல் நிற்கும். நேரம் ஆக ஆக மேல் பேண்டு (ஜெல்லில் புரதம் நிற்கும் கோடு) மங்கி, கீழ்ப் பேண்டு கறுத்துக்கொண்டே வரும். பக்கத்திலேயே அதே சாம்பிளைக் கொதிக்க வைத்து ஓட்டிப் பாருங்கள், எல்லாம் மறுபடி 35-க்குப் போய்விடும். இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாமல் கீழ்ப் பேண்டை மடிந்த புரதம் என்று எழுதக் கூடாது. புரதம் வெட்டுப்பட்டிருந்தாலும் கீழேதான் ஓடும்.

இவ்வளவு எளிய சோதனை. ஆனால் பேண்டு கறுக்க எடுக்கும் நேரத்தைக் கவனியுங்கள். இயற்கையில் உள்ள நீளமான லிப்பிட்களால் ஆன பெரிய கொப்புளங்களில் இது பல நிமிடங்கள், சில சமயம் மணிக்கணக்கு. சிறிய, வளைவு அதிகமுள்ள கொப்புளங்களிலும் மெல்லிய சவ்விலும் வேகம் கூடுகிறது. ஈ.கோலை நல்ல சத்துள்ள ஊடகத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். மணிக்கணக்கில் மடியும் புரதத்தை நம்பி அது வாழ முடியாது.

செல்லில் இதற்கென்றே ஒரு இயந்திரம் இருக்கிறது: பேம் தொகுதி. அதன் மையப் புரதமான பேம்-ஏயின் குடும்பத்துக்கு இந்த வேலை உண்டு என்பது 2003-இல் நைசீரியா பாக்டீரியாவில் தெரியவந்தது. மைட்டோகாண்ட்ரியாவிலும் பசுங்கணிகத்திலும்கூட இதன் உறவுக்காரப் புரதங்கள் இருக்கின்றன. 2010-இல் இந்தத் தொகுதியின் ஐந்து உறுப்புகளையும் பிரித்தெடுத்து லைபோசோமில் (செயற்கை லிப்பிட் கொப்புளம்) சேர்த்தபோது, வெளியிலிருந்து எந்த ஆற்றலும் தராமலே அது ஓம்ப்-டி என்ற பீப்பாய்ப் புரதத்தைச் சவ்வில் அமைத்தது. 2014-இல் இன்னொரு துண்டு சேர்ந்தது. ஈ.கோலையின் சவ்வில் மிகுதியாக இருக்கும் லிப்பிட் பாஸ்ஃபாடிடில் எத்தனோலமீன். அதைச் சேர்த்தால் பீப்பாய்கள் தானாக நுழையும் வேகம் குறைகிறது. பேம்-ஏயையும் சேர்த்தால் தடை தளர்கிறது. லிப்பிட் தடுக்கிறது, பேம் திறந்துவிடுகிறது. புரதங்கள் தப்பான சவ்வில் நுழைந்துவிடாமல் இருக்க இந்தத் தடை செல்லுக்கு உதவுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சோதனைக் குழாயின் பலமும் குறையும் இந்த ஒரு கதையிலேயே இருக்கின்றன. கடைசி வடிவம் ஒன்றுதான், உறுதியும் அந்த லிப்பிடோடு சேர்ந்து அளக்கக்கூடியதுதான். வேகமும் வழியும் வேறு. பேம் தொகுதியைத் தனியே எடுத்து மீண்டும் கட்டியதால்தான் அது ஆற்றல் தருவதில்லை, தடையைத்தான் குறைக்கிறது என்று சொல்ல முடிந்தது. முழுச் செல்லில் மட்டும் பார்த்திருந்தால் அதைப் பிரித்துச் சொல்வது கடினம். இந்த வாய்ப்புக்காகவே பீப்பாய் வகை கையில் இருப்பவர்கள் சோதனைக் குழாயில் தொடங்க வேண்டும் என்று தயங்காமல் சொல்வேன்.

ஹெலிக்ஸ் வகைக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவற்றில் பெரும்பாலானவை யூரியாவுக்கு அசைவதில்லை. அவிழ்க்க எஸ்டிஎஸ் வேண்டும். எஸ்டிஎஸ்ஸில் அவிழ்ந்த பாக்டீரியோரோடாப்சினில் ஹெலிக்ஸின் கணிசமான பகுதி கலையாமல் இருக்கிறது. அப்படியானால் நாம் பார்ப்பது ஏற்கெனவே உருவான ஹெலிக்ஸ்கள் மறுபடி சேர்வதை. ரைபோசோமிலிருந்து வெளிவரும் புரதத்தின் தொடக்க நிலை அது இல்லை. ஹெலிக்ஸ்களுக்கு இடையிலான பிணைப்பை அளக்க இது நல்ல சோதனை. சவ்வுக்குள் நுழைவதைப் பற்றி இதை வைத்துப் பேச முடியாது.

எந்த லிப்பிட் சூழல் என்பது இதற்குள்ளேயே ஒரு கிளைத் தேர்வு. டிடர்ஜென்ட் மலிவு, எளிது. டிடிஎம் என்ற டிடர்ஜென்டில் தொடங்காத ஆய்வகம் குறைவு. ஆனால் டிடர்ஜென்ட் உருண்டைக்கு இரட்டைச் சவ்வின் பக்கவாட்டு அழுத்தம் கிடையாது. ஸ்லைகர் குழு 2002-இல் கொண்டுவந்த நானோடிஸ்க்கில், ரத்தத்திலுள்ள ஏபோ-ஏ1 புரதத்திலிருந்து வடிவமைத்த வளையம் சுமார் 10 நானோமீட்டர் லிப்பிட் வட்டத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும். மடிந்த புரதத்தைப் பார்க்க அருமையான இடம். ஆனால் அதில் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று அடைபட்ட அறைகள் இல்லை. எந்த முனை எந்தப் பக்கம் போனது, பொருள் கடந்து போகிறதா என்றெல்லாம் கேட்பதாக இருந்தால் லைபோசோம்தான். எஸ்எம்ஏ பாலிமர் டிடர்ஜென்டே இல்லாமல் புரதத்தைச் சுற்றியுள்ள இயற்கை லிப்பிட்களோடு வெட்டி எடுக்கிறது. ஆனால் மக்னீசியம் சில மில்லிமோலார் இருந்தாலே வீழ்படிவாகிவிடும், ஆகவே ஏடிபியும் அதோடு மக்னீசியமும் வேண்டும் புரதங்களுக்கு ஒத்துவராது.

ரைபோசோமும் மைக்ரோசோமும்

ஹெலிக்ஸ் வகைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். செல்லை உடைத்து எடுத்த சாறு, பெரும்பாலும் கோதுமை முளை அல்லது முயலின் முதிராத சிவப்பணுக்களிலிருந்து, அதில் உங்கள் புரதத்தின் எம்ஆர்என்ஏ, அப்புறம் மைக்ரோசோம். மைக்ரோசோம் என்பது நாயின் கணையத்திலிருந்து எடுக்கும், ரைபோசோம் ஒட்டிய எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தின் சிறு கொப்புளங்கள். கணையம் ஓயாமல் நொதிகளைச் சுரக்கும் உறுப்பு என்பதால் அதில் நுழைவு இயந்திரம் நிறைய. ப்ளோபெலும் டாபர்ஸ்டைனும் 1975-இல் இந்த ஏற்பாட்டை வைத்துத்தான் புரதத்தின் முன்முனையில் உள்ள சமிக்ஞை வரிசையைப் பற்றிய கருதுகோளுக்கு ஆதாரம் தந்தார்கள். ப்ளோபெலுக்கு 1999-இல் நோபல் கிடைத்தது. அந்த இயந்திரத்தின் மையம் செக்61 என்ற வாய்க்கால். ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களில் உள்ள அதன் உறவுப் புரதத்தின் படிக அமைப்பை ராப்பப்போர்ட் குழு 2004-இல் வெளியிட்டபோது, பக்கவாட்டில் சவ்வை நோக்கித் திறக்கக்கூடிய ஒரு வாசல் இருப்பது தெரிந்தது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2005-இல் ஸ்டாக்ஹோமில் ஃபான் ஹெய்னே குழுவும், கலிஃபோர்னியாவின் அர்வைனில் வொயிட் குழுவும் செய்தது. கேள்வி மிகச் சுருக்கமானது: ஒரு 19 அமினோ அமிலத் துண்டு சவ்வில் தங்குமா, கடந்து போய்விடுமா? அந்தத் துண்டை லெப் என்ற புரதத்துக்குள் செருகி, இரண்டு பக்கமும் சர்க்கரை ஏறக்கூடிய ஒவ்வொரு இடம் வைத்தார்கள். சர்க்கரை ஏற்றும் நொதி மைக்ரோசோமின் உள்ளே மட்டும்தான் இருக்கிறது. துண்டு சவ்வில் தங்கிவிட்டால் அதற்குப் பின்னாலுள்ள இடம் வெளியே நின்றுவிடும், ஒரு சர்க்கரைக் கிளைதான் ஏறும். கடந்துபோனால் இரண்டு இடமும் உள்ளே, இரண்டு கிளை. ஒவ்வொரு கிளைக்கும் எடை சுமார் 2.5 கிலோடால்டன் கூடும். ஆக ஜெல்லில் அடுத்தடுத்து இரண்டு பேண்டு. இரண்டின் அடர்த்தியை அளந்து விகிதம் எடுத்தால் ஆற்றல் கணக்காகவே வந்துவிடும். துண்டின் நடுவில் ஒவ்வொரு அமினோ அமிலமாக மாற்றி மாற்றி வைத்து, லூசின், ஐசோலூசின் எவ்வளவு சாதகம், ஆர்ஜினின், ஆஸ்பார்ட்டேட் எவ்வளவு பாதகம் என்று முழு அட்டவணையே தயாரித்தார்கள்.

அந்த அட்டவணையில் ஆர்ஜினினின் எண்ணைப் பாருங்கள். ஹெலிக்ஸின் நடுவில் ஒரு ஆர்ஜினின் வைத்தால் மோலுக்குச் சுமார் 2.5 கிலோகலோரி செலவு. ஆனால் 2007-இல் வந்த, கணினியில் செய்த ஒரு மூலக்கூறு இயக்கக் கணிப்பு, சவ்வின் நடுவில் மின்னேற்றமுள்ள ஆர்ஜினினை வைக்க சுமார் 17 கிலோகலோரி ஆகும் என்றது. ஒரே அமினோ அமிலம், இவ்வளவு தூரம். இந்த வித்தியாசத்தைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. இரண்டு முறைகளும் ஒரே பயணத்தை அளக்கவில்லை என்பது விளக்கத்தின் ஒரு பகுதி. கணிப்பு ஆர்ஜினினைத் தண்ணீரிலிருந்து சவ்வின் நட்டநடுவுக்குக் கொண்டுபோகிறது. மைக்ரோசோமில் துண்டு வாய்க்காலுக்குள் இருந்து சவ்வுக்கு நகர்கிறது. வேண்டுமானால் ஹெலிக்ஸ் சற்று மேலோ கீழோ சறுக்கி ஆர்ஜினினைத் தலைப்பகுதிக்கு அருகே கொண்டுபோகவும் முடியும். எந்த எண் சரி என்று கேட்பதற்கு முன், எங்கிருந்து எங்கே என்று கேட்க வேண்டும். சோதனை ஏற்பாட்டைத் தேர்வது எவ்வளவு தூரம் விடையையே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. ஒரு ஹெலிக்ஸைத் தனியே எடுத்து லெப்-இல் செருகினால் நுழையாது. அதே ஹெலிக்ஸைப் பக்கத்து ஹெலிக்ஸோடு சேர்த்துச் செருகினால் நுழைகிறது. பல முறை சவ்வைக் கடக்கும் புரதங்களில் இது அடிக்கடி நடக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஹெலிக்ஸின் எண்ணையும் கூட்டிப் புரதத்தின் கணக்கை எழுதிவிட முடியாது. மேலும் 2018-இலிருந்து படம் வேகமாக மாறியிருக்கிறது. ஈஎம்சி என்ற இன்னொரு தொகுதி, ஜி-புரத இணைப்பு ஏற்பிகள் என்ற, வெளிச் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் புரதங்களில் சிலவற்றின் முதல் ஹெலிக்ஸைச் செருகுகிறது என்று தெரிந்தது. 2022-இல் பல கடப்புப் புரதங்களுக்கென்று செக்61-க்குப் பின்பக்கம் வந்து சேரும் வேறொரு கூட்டமைவு விவரிக்கப்பட்டது. அங்கே ஹெலிக்ஸ்கள் செக்61-இன் பக்கவாசல் வழியாக நுழைவதாகத் தெரியவில்லை. எல்லாப் புரதமும் ஒரே வாசல் வழியாக நுழைகிறது என்ற பழைய படத்தை வைத்துக்கொண்டு மைக்ரோசோம் முடிவுகளைப் படிக்கக் கூடாது. நல்ல வேளையாக, இந்தக் கூட்டாளிகள் எல்லாம் மைக்ரோசோமிலும் இருக்கிறார்கள். யாரை நீக்கினால் என்ன நின்றுபோகிறது என்று கேட்க, மனிதச் செல்களில் ஒரு மரபணுவை நீக்கி, அந்தச் செல்லின் மைக்ரோசோமை எடுத்துப் பார்க்கலாம்.

நடைமுறைச் சங்கடங்கள் வேறு. கதிரியக்க மெத்தியோனின் பயன்படுத்தினால் அதற்கு அனுமதியும் தனி இடமும் வேண்டும். விளைச்சல் மிகக் குறைவு. பேண்டாகப் பார்க்கலாம், அமைப்பு ஆய்வுக்குப் போதாது. சாறும் மைக்ரோசோமும் விலை அதிகம், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஒரே தயாரிப்பில் எல்லாக் கட்டுப்பாட்டுச் சோதனைகளையும் முடித்துவிடுவது நல்லது.

சுத்தமான உறுப்புகளை மட்டும் சேர்த்துச் செய்யும் பியூர் அமைப்பு 2001-இல் வந்தது. ரைபோசோமும் தேவையான காரணிகளும் இருக்கும், வேறு எதுவும் இருக்காது. அதில் வெறும் லைபோசோமை மட்டும் சேர்த்தாலே சில புரதங்கள் டிரான்ஸ்லோகான் (செக்61 போன்ற நுழைவு வாய்க்கால்) இல்லாமல் நுழைந்து மடிகின்றன. சோதனைக் குழாய்க்கும் மைக்ரோசோமுக்கும் இடைப்பட்ட இடம் இது. ஒவ்வொரு துணைப் புரதமாகச் சேர்த்து அதன் பங்கைத் தனியே அளக்க நினைப்பவர்களுக்கு ஏற்றது.

உயிருள்ள செல்

எந்த முனை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள மட்டும் என்றால் செல்லே எளிது. ஈ.கோலையில் புரதத்தின் வால் முனையில் பசும் ஒளிர் புரதத்தை ஒட்டினால், வால் உட்பக்கம் இருந்தால் ஒளிரும், வெளிப்பக்கம் போனால் ஒளிராது. அல்கலைன் பாஸ்ஃபடேஸை ஒட்டினால் நேர்மாறு. 2005-இல் இந்த இரண்டையும் வைத்து ஈ.கோலையின் உட்சவ்வுப் புரதங்கள் 601-க்கு வால் எந்தப் பக்கம் என்று வரைபடம் போட்டார்கள். ஒரு வாரத்து வேலை உங்களுக்கு நம்பகமான முதல் தகவலைத் தந்துவிடும், ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் இதைச் செய்துவைக்கலாம்.

நோயோடு தொடர்புள்ள புரதம் என்றால் செல்லை விட்டால் வழியில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்குக் காரணமான சிஎஃப்டிஆர் புரதத்தில் 1480 அமினோ அமிலங்கள். பெரும்பாலான நோயாளிகளிடம் அதில் 508-ஆவது இடத்திலுள்ள ஃபினைலாலனின் விடுபட்டிருக்கிறது. அந்த இடம் சவ்வுக்கு உள்ளே கூட இல்லை, செல்லின் உட்பக்க நீர்ப்பகுதியில் உள்ள ஒரு களத்தில் இருக்கிறது. ஆனாலும் களங்கள் ஒன்றோடொன்று சரியாகச் சேர்வதில்லை. செல்லின் தரக் கட்டுப்பாடு புரதத்தைப் பிடித்து அழித்துவிடுகிறது. ஜெல்லில் இது தெளிவாகத் தெரியும்: எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்திலேயே தங்கிவிட்ட புரதம் பி பேண்டு, அடுத்த உறுப்பான கோல்ஜிக்குப் போய்ச் சர்க்கரை முழுதாக ஏறியது அதற்கு மேலே சி பேண்டு. நோயாளியின் புரதத்தில் சி பேண்டு ஏறக்குறைய இருக்காது. 1992-இல், செல்களைச் சுமார் 27 டிகிரியில் வளர்த்தால் அந்த சி பேண்டு ஓரளவு திரும்பி வருகிறது என்று பார்த்தார்கள். மடிப்பு சரிசெய்யக்கூடிய குறைதான் என்ற நம்பிக்கை அங்கிருந்து வலுத்தது. மடிப்பைத் திருத்தும் இரண்டு மூலக்கூறுகளும் அந்தப் புரதத்தின் வாய்க்காலைத் திறக்கும் ஒன்றும் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டுக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பல ஆயிரம் பேரின் நுரையீரலைப் பற்றிய விஷயம் இது. தூய்மைப்படுத்திய புரதத்தை டிடர்ஜென்டில் வைத்துப் பார்த்தால் தரக் கட்டுப்பாடு என்ற ஒன்றே அங்கே இல்லை.

ஆனால் செல்லில் எதுவுமே தனியாக நடக்காது. ஒரு மாற்றத்தால் சி பேண்டு குறைந்தால், நுழைவதில் குறையா, மடிவதிலா, சேர்வதிலா, இல்லை சீக்கிரம் அழிக்கப்படுகிறதா என்று அந்தப் பேண்டு மட்டும் சொல்லாது. ஆகவே செல்லில் தொடங்குபவர்கள் சீக்கிரமே வேறொரு ஏற்பாட்டுக்கும் போகத்தான் வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு மூலக்கூறு

2000-இல் அணுவிசை நுண்ணோக்கியின் முனையில் ஒரு பாக்டீரியோரோடாப்சினைப் பிடித்துச் சவ்விலிருந்து இழுத்தார்கள். ஹெலிக்ஸ்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வெளியே வந்தன. 2017-இல் மைக்ரோவினாடி வேகத்தில் அளந்தபோது, அதுவரை ஒரே தாவலாகத் தெரிந்த இடங்களுக்குள் இரண்டு மூன்று அமினோ அமில இடைவெளியில் பல இடைநிலைகள் இருந்தது தெரிந்தது. 2019-இல் காந்த இடுக்கியால் ஜிஎல்பி-ஜி என்ற நொதியையும் ஜி-புரத இணைப்பு ஏற்பிகளில் ஒன்றான பீட்டா2 அட்ரினர்ஜிக் ஏற்பியையும் அவிழ்த்து மடிய விட்டபோது இரண்டும் முன்முனையிலிருந்து பின்முனை நோக்கி, ஹெலிக்ஸ் ஜோடிகளாக மடிந்தன. ரைபோசோம் புரதத்தை வெளியிடும் திசையும் அதே. ஆற்றல் வரைபடமும் செல்லின் வழியும் ஒரே திசையில் இருக்கின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வியப்பைத் தந்த முடிவு. அதற்காக ரைபோசோம் இல்லாமலேயே வழியைத் தெரிந்துகொள்ளலாம் என்று ஆகிவிடாது. அந்த வகை ஏற்பிகளில் சிலவற்றின் முதல் ஹெலிக்ஸைச் செருக ஈஎம்சி உதவுகிறது என்பதை எந்த இடுக்கியும் சொல்லியிருக்காது.

இந்தக் கருவிகள் சொந்தமாக இல்லாத ஆய்வகத்துக்கு இது முதல் தேர்வாக இருக்க முடியாது. புரதத்தின் முனைகளில் கைப்பிடிகளை ஒட்டி, அதன் பிறகும் அது செயல்படுகிறதா என்று பார்ப்பதற்கே வருடம் போய்விடும். கூட்டு முயற்சியாகச் செய்யலாம். ஆனால் அதற்குள் மற்ற வழிகளில் ஒரு கருதுகோள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கணினியைப் பற்றி ஒரு வார்த்தை. வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டை இப்போது எல்லோரும் முதலில் ஓட்டுகிறோம், ஓட்டவும் வேண்டும். அது தருவது கடைசி வடிவத்தைப் பற்றிய கணிப்பு. நுழைந்த வரிசையோ எடுத்த நேரமோ சவ்வின் லிப்பிடோ அதில் இல்லை. எந்த ஹெலிக்ஸில் மின்னேற்றம் மறைந்திருக்கிறது, எது தனியாக நுழையத் தயங்கும் என்று பார்த்து, சோதனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்ள அது நல்ல துணை.

அப்படியானால் எதைத் தேர்வது?

பீப்பாய்ப் புரதம் என்றால் யூரியாவும் லைபோசோமும் ஜெல்லும். முதல் சில மாதங்களிலேயே மடியும் வேகம் கிடைக்கும். அடுத்து பாஸ்ஃபாடிடில் எத்தனோலமீனைச் சேர்த்து வேகம் குறைகிறதா என்று பாருங்கள், பிறகு பேம் தொகுதி. பேம்-ஏயைத் தடுக்கும் டேரோபாக்டின் என்ற ஆன்டிபயாட்டிக் 2019-இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து இந்தத் துறைக்கு மருத்துவக் காரணமும் சேர்ந்திருக்கிறது. பேம் இல்லாத குழாயில் அந்த மருந்துக்குச் செய்ய ஒன்றுமில்லை, ஆகவே அந்தத் திசையில் போகிறவர்கள் பேம் சேர்த்த லைபோசோமை ஆரம்பத்திலேயே அமைத்துவிடுவது நல்லது.

பல முறை சவ்வைக் கடக்கும் ஹெலிக்ஸ் புரதம், கேள்வி நுழைவதைப் பற்றியது என்றால், மைக்ரோசோமும் சர்க்கரை ஏற்றச் சோதனையும். முழுப் புரதத்தோடு தொடங்காதீர்கள். முதல் ஹெலிக்ஸ் மட்டும், முதல் இரண்டு, முதல் மூன்று என்று வெட்டிய வடிவங்களைச் செய்துவைத்து, எந்த நீளத்தில் எந்த ஹெலிக்ஸ் நிலைகொள்கிறது என்று பாருங்கள். இப்படிச் செய்யும்போதுதான் தயங்கும் ஹெலிக்ஸ் எது, எந்தப் பக்கத்து ஹெலிக்ஸ் அதற்குத் துணையாகிறது என்பது தெரியும்.

ஹெலிக்ஸ்கள் ஒன்றோடொன்று சேர்வதைப் பற்றிய கேள்வி என்றால் மட்டும் ஹெலிக்ஸ் வகைக்கும் சோதனைக் குழாய் முன்னால் வரலாம். சிவப்பணுச் சவ்வின் கிளைக்கோஃபோரின்-ஏ இரண்டிரண்டாகச் சேர்வது எஸ்டிஎஸ் ஜெல்லிலேயே தெரியும் அளவுக்கு உறுதியானது. நடுவிலுள்ள ஒரு கிளைசினை மாற்றினால் ஜோடி பிரிந்துவிடுகிறது. ஆனால் எல்லாக் கூட்டும் அவ்வளவு கெட்டி இல்லை. டிடர்ஜென்டில் பிரிந்து போவது லைபோசோமில் சேர்ந்திருக்கலாம். ஆகவே டிடர்ஜென்டில் 'சேரவில்லை' என்ற முடிவை மட்டும் வைத்துக் கட்டுரை எழுத உட்காராதீர்கள்; அதே புரதத்தை லைபோசோமிலும் ஒரு முறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நோய் தரும் மாற்றம் என்றால் செல்லில் தொடங்கி, பேண்டு மாற்றத்தைப் பார்த்தபின், அந்த மாற்றத்தோடு வெட்டிய வடிவங்களை மைக்ரோசோமில் ஓட்டுங்கள். அங்கே நுழைவது சரியாக இருந்தால் குறை மடிவதிலோ சேர்வதிலோ என்று பக்கம் தெரியும். அங்கேயே குறை தெரிந்தால் மேலே போக வேண்டியதில்லை.

நேரமும் பணமும் ஒரே ஒரு ஏற்பாட்டுக்குத்தான் போதும் என்ற நிலையில் என்னிடம் கேட்டால், ஹெலிக்ஸ் புரதத்துக்கு மைக்ரோசோம், பீப்பாய்க்கு லைபோசோம். ஆய்வேட்டின் தலைப்பில் 'மடிப்பு வழி' என்று எழுதுவதா, 'நிலைத்தன்மை' என்று எழுதுவதா என்பதை அந்த ஏற்பாட்டுக்குத் தக்க முதல் நாளே முடிவுசெய்துவிடுங்கள். வழிகாட்டும் பேராசிரியரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இரண்டாவது வருடத்தில் தலைப்பை மாற்றுவதைவிட அது சுலபம்.